ஊராருக்கு விடுமுறை, உள்ளூராருக்கு வேலை

கோடையில் பென்னாகரத்து இளைஞர்கள்

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் நெருங்கும் நாட்களில், சனி ஞாயிறு காலை வேளையில் தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பேருந்து நிலையத்தருகே சற்று நின்று பார்ப்பவர்களுக்கு, பெங்களூரும் சேலமும் ஈரோடும் தங்கள் ஜனங்களையெல்லாம் ஒரே திசையில் அனுப்பிவிட்டனவோ என்ற ஐயம் உண்டாகும். காரும் வேனும் மோட்டார் சைக்கிளுமாக வந்துகொண்டேயிருக்கும் அந்தக் கூட்டம், இங்கே தேநீர் அருந்தி, தண்ணீர்ப் பாட்டில் வாங்கிக்கொண்டு, காட்டினூடே வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் பிரயாணம் செய்து ஒகேனக்கல்லை அடைந்துவிடும். அருவியில் குளிக்கப் போகிறவர்களுக்கு வழியில் கிடக்கும் ஓர் ஊரில், இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் கோடையை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றாததில் வியப்பில்லை.

ஆயினும், இளைஞர்களின் பொழுதுபோக்கு என்னும் விஷயத்தைப் பற்றிச் சிந்திக்க விரும்புகிறவர்கள் நிற்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். பிறர் ஓய்வெடுக்க வருகிற காலமே இவ்வூராருக்கு வேலை மிகுந்த காலம். ஆதலால், இங்குள்ள வாலிபனுக்கும் யுவதிக்கும் விடுமுறை என்பது பள்ளியோ கல்லூரியோ கதவடைத்த மாத்திரத்தில் தானாக வந்து சேர்வதில்லை. வேலைக்கும் உறக்கத்துக்கும் இடையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுத்துக்கொள்ள வேண்டிய பொருளாக இருக்கிறது. அப்படி எடுத்துக்கொண்ட பொழுதை அவர்கள் எவற்றின் மீது செலவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தால், அவர்களைப் பற்றி நாம் சாதாரணமாகச் சொல்லிவரும் குறைகளில் பல நிற்கமாட்டா.

துடுப்புப் பிடிக்கும் கை

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுவதும், வருவோருக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும், ஆற்றில் பிடித்த மீனைப் பொரித்தும் குழம்பு வைத்தும் கொடுப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தொழில்கள். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்னாளில் தோலும் இந்நாளில் பிளாஸ்டிக் படுதாவும் போர்த்திச் செய்யும் பரிசலில், முன் விளிம்பில் குந்தி ஒற்றைத் துடுப்பால் நீரைத் தள்ளிச் செல்லும் பையன், பாறைச் சுவர்களுக்கு நடுவே நீர் அடங்கி நிற்கும் இடம் வந்ததும் துடுப்பை ஒரு பக்கமாக அழுத்தி, பரிசலைப் பம்பரமாகச் சுழற்றிவிடுவான். உள்ளிருப்போர் அலறுவார்கள்; அலறி முடிந்ததும் தங்கள் கைப்பேசியை அவனிடம் நீட்டி, "தம்பி, எல்லாரும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுப்பா" என்பார்கள். ஒரு கோடையில் அவன் எத்தனை குடும்பங்களின் சிரிப்பைப் பிடித்துக் கொடுத்திருப்பானோ, கணக்கில்லை.

"ரோஜா படம் எடுத்தது எங்கேப்பா?" என்று கேட்பவர்களும் உண்டு. மணிரத்னத்தின் அந்தப் படம் வெளியானது 1992 ஆகஸ்டில். அதன் பாடற்காட்சி ஒன்றில் இவ்வருவி தோன்றியபோது இப்பையன் பிறக்கவேயில்லை. எனினும் தன் அப்பன் காட்டிய பாறையை அவனும் சலிக்காமல் காட்டுகிறான். மோகன்லால் நடித்து 2005இல் வந்த 'நரன்' என்னும் மலையாளப் படத்தின் ஆற்றுக் காட்சிகளும் இங்கே எடுக்கப்பட்டவையே ஆகையால், கேரளத்திலிருந்து வருவோருக்கு அதையும் சொல்லிவைக்கிறான்.

இவனுடைய கைப்பேசியில் இரண்டு எண்கள் தவறாமல் வந்து விழும். ஒன்று, கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் அளந்து சொல்லும் காவிரி நீர்வரத்து, இத்தனை ஆயிரம் கன அடி என்று, மற்றொன்று ஐ.பி.எல். ஆட்டத்தின் ஸ்கோர். முன்னது மிகுந்தால் பரிசலுக்குத் தடை விழுந்து அன்றைய கூலி போகும். பின்னது குறைந்தால் அன்றிரவு நண்பர்கள் நடுவே மானம் போகும். இரண்டையும் அவன் ஒரே சிரத்தையுடன் பார்க்கிறான்.

ஏரிக்குள் ஒரு மைதானம்

வெயில் சாயும் வேளையில், நீர் வற்றிய ஏரிகள் உயிர் பெறுகின்றன. மழை பொய்த்த வருத்தத்துடன் பெரியவர்கள் கரையில் நின்று பார்க்கும் அதே வறண்ட ஏரி, பிள்ளைகளுக்கு அரசாங்கம் கட்டித் தராத விளையாட்டு மைதானமாகிறது. வெடித்த களிமண்ணை நிரவி, நடுவே தண்ணீர் தெளித்து, செங்கல்லை உருளையாக்கிச் சமன் செய்து, சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்துவிட்டால் பிட்ச் தயார். டென்னிஸ் பந்துதான், எல்.பி.டபிள்யூ. கிடையாது, முள்ளுக்குள் போன பந்தை அடித்தவனே எடுத்து வர வேண்டும், ஆள் ஒற்றைப்படையாக வந்தால், இரு தரப்புக்கும் ஆட ஒருவன் 'ஜோக்கர்' ஆவான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து நுழைவுக் கட்டணம் கட்டி அணிகள் வரும்போது, மைக் செட் கட்டி நேர்முக வர்ணனையும் உண்டு. வர்ணனையாளன் ஆட்டத்தைவிட ஆடுபவனுடைய குடும்ப விவகாரங்களை அதிகமாக எடுத்துரைப்பான் என்பதையும், கரையில் குந்தியிருக்கும் கிழவர்கள் அதற்காகவே வருகிறார்கள் என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

இதை வெட்டிப்பொழுது என்று கண்டித்து வந்த தகப்பன்மார்களின் குரல், 2020 டிசம்பருக்குப் பிறகு இவ்வட்டாரத்தில் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. அடுத்த சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில், தறித் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, இருபது வயது வரையில் இத்தகைய டென்னிஸ் பந்து ஆட்டங்களிலேயே யார்க்கர் வீசிப் பழகிய தங்கராசு நடராஜன், அம்மாதம் 2ஆம் தேதி கான்பெர்ராவில் இந்திய அணிக்காக முதன்முதலாகப் பந்து வீசினார். வலைப்பயிற்சிப் பந்து வீச்சாளராக அழைத்துச் செல்லப்பட்டவர், ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமாகித் திரும்பினார். ஊர் அவரைக் குதிரை பூட்டிய சாரட்டில் வைத்து அழைத்துச் சென்றது. ஆயிரம் பேரில் ஒருவருக்கே வாய்க்கும் பேறு இது என்பதைப் பிள்ளைகள் அறியாதவர்களல்லர். ஏரியில் ஆடுகிறவன் நடராஜன் ஆகிவிடுவோம் என்று ஆடவில்லை. நாள் முழுவதும் பிறர் சொன்னதைச் செய்தவனுக்கு, ஓடிவந்து பந்தை விடுகிற அந்த ஒரு கணத்தில் தன் கை தனக்கே சொந்தமாக இருப்பதுதான் ஆனந்தம்.

விடிய விடியப் பாரதம்

இதே கோடையில், பங்குனி முதல் வைகாசி வரை, தருமபுரி மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடைபெறுகிறது. பகலில் பிரசங்கியார் வில்லி பாரதத்தை விரித்துரைக்க, இரவில் அக்கதையையே கூத்தர்கள் ஆடிக்காட்ட, பதினெட்டு நாள் உற்சவமாக நடக்கும் இதில், அர்ச்சுனன் தபசன்று உயர்ந்த கம்பத்தின் மேல் ஏறிப் பாடும் காட்சியும், கடைசி நாட்காலையில் மண்ணால் மல்லாத்திப் படுக்கவைத்த துரியோதனனின் தொடையைப் பீமன் பிளக்கும் படுகளமும், அன்று மாலைத் தீமிதியும் ஜனங்கள் திரளும் தருணங்கள். மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் ஒலிக்க, திரைக்குப் பின்னிருந்து கர்ணன் பாடத் தொடங்கினால், கோரைப்பாயில் கண்ணயர்ந்திருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

ரீல்ஸ் பார்த்து வளரும் பிள்ளைகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று நகரத்தார் எண்ணக்கூடும். ஆனால் வசூலுக்கு வீடு வீடாகப் போவதும், சீரியல் விளக்குக் கட்டுவதும், ஃப்ளெக்ஸ் பேனரில் தங்கள் படத்தையும் பிடித்த நடிகர் படத்தையும் அம்மன் படத்தோடு சேர்த்துப் போடுவதும் அவர்கள்தாம். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் துரியோதனன் சபையில் நின்றுகொண்டே நேற்று வந்த சினிமாவையும் இன்றைய ஐ.பி.எல். தோல்வியையும் கேலி செய்யும்போது முதலில் சிரிப்பவர்களும் அவர்களே. பெங்களூரில் கட்டட வேலைக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் போன பிள்ளைகள் படுகளத்துக்கு லீவு போட்டு வருகிறார்கள்; வர இயலாதவர்களுக்காகக் கைப்பேசியில் படமெடுத்து யூடியூபில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய கலைக்கும் புதிய கருவிக்கும் இடையே தீராத பகை இருப்பதாக நாம் எழுதிவருவது, இந்த ஊர்க் களத்தில் ஓர் இரவு உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவாக நிலைக்கவில்லை.

புளியும் கொரியாவும்

சினிமா அபிமானம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1965 அக்டோபர் 2ஆம் தேதி தனி மாவட்டமாகும் வரையில் தருமபுரி, சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அந்தச் சேலத்தில்தான் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1935 முதல் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை உருவாக்கியது. அப்பனும் பாட்டனும் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து எம்.ஜி.ஆரைப் பார்த்தார்களென்றால், மகன் 2024 ஏப்ரலில், இருபதாண்டுக்கு முந்திய 'கில்லி' மறுபடியும் திரைக்கு வந்தபோது, அது முதலில் வெளியான ஆண்டில் பிறந்தவனாக இருந்தும், வசனங்களை நடிகருக்கு முன்னதாகவே சொல்லிக்கொண்டு பார்த்தான்.

இவையெல்லாம் பையன்களின் கதை. பெண்பிள்ளைகளுக்கு ஏரியும் இல்லை, இரவுக் காட்சியும் இல்லை. கூத்து நடக்கும் பதினெட்டு நாள் ஒழிந்தால், வீட்டுத் திண்ணையும் மொட்டை மாடியுமே அவர்களுடைய உலகம். இவ்வட்டாரத்தில் கோடை என்பது புளிக் காலமுமாகும். மரத்தை உலுக்கிக் கொண்டுவந்து குவித்த புளியைத் தோடு நீக்கி, நார் உரித்து, தட்டிக் கொட்டை எடுக்கும் வேலையில், கல்லூரி விடுமுறைக்கு வந்த மகளும் தாயுடன் உட்கார்ந்திருப்பாள். எதிரே சுவரில் சாய்த்து வைத்த கைப்பேசியில் தமிழ்க் குரல் ஏற்றிய கொரியத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். விரலெல்லாம் புளிப்பிசுக்கு, திரையைத் தொட வழியில்லை. ஆகவே ஓர் அத்தியாயம் முடிந்ததும் முழங்கையால் அழுத்திப் பார்ப்பாள். அது முடியாதபோது, "அம்மா, அடுத்தத போடும்மா" என்பாள். தாய் முந்தானையில் கை துடைத்துப் போட்டுவிட்டு, "அந்தப் பையன் அவளக் கட்டிக்குவானா, மாட்டானா?" என்று தானும் கேட்டு வைப்பாள்.

புதுயுகம் தொலைக்காட்சி பத்தாண்டுகளுக்கு முன்பே கொரியத் தொடர்களைத் தமிழில் வழங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கியது. 2013 ஜூனில் சியோலில் அரங்கேறிய பி.டி.எஸ். என்னும் எழுவர் குழுவின் பாட்டு, அதன் பின் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் நுழைந்துவிட்டது. 2024 ஜனவரியில் கரூர்ப் பக்கத்துப் பள்ளிச் சிறுமியர் மூவர், அக்குழுவினரைக் காணக் கொரியாவுக்கே புறப்பட்டுவிட்டுக் காட்பாடியில் மீட்கப்பட்ட செய்தியைப் பத்திரிகைகள் வேடிக்கையாகவும் எச்சரிக்கையாகவும் வெளியிட்டன. எனக்கோ அதில் வேறொன்று தோன்றிற்று. அடுத்த தெருவுக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டியவர்களுக்குத்தான் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர் அத்தனை நெருக்கமாகத் தெரியும். அருகில் இடமில்லாதவர்கள் தூரத்தில் இடம் தேடிக்கொள்கிறார்கள்.

கேட்பதற்கு உரிமை உண்டு

கைப்பேசியைக் குற்றம் சொல்வது சுலபம். பென்னாகரத்துக் கோடையைப் பார்த்தபின் அது நியாயமாகப் படவில்லை. கூட்டாக அனுபவிக்க ஓர் இடம் கிடைத்தபோதெல்லாம், ஏரியானாலும் கூத்துக் களமானாலும், இப்பிள்ளைகள் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். இடம் இல்லாத நேரத்தில் அதற்குள் ஒதுங்குகிறார்கள். அரசாங்கமும் சும்மாயிருக்கவில்லை. 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில், மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்குப் பந்தும் மட்டையும் வழங்க ஏற்பாடாயிற்று. பந்து வந்தாலும், ஆடுமிடம் மழை பெய்தால் மறைந்துபோகும் ஏரியாகவே இருக்கிறது. அந்த ஏரிக்கும் பெண்பிள்ளைகள் வருவதில்லை.

ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்களுக்காகச் சாலையும் நடைபாதையும் குளியலறையும் கட்டும் பணத்தில் ஒரு சிறு பகுதியை, வழியிலுள்ள ஊரின் பிள்ளைகளுக்காக ஒதுக்குவது தர்மமல்ல, கடன். மழையிலும் கரையாத ஒரு மைதானம், அதில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம், இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் ஒரு நூலகம், கூத்துக்கும் பள்ளி நாடகத்துக்கும் உதவும் ஒரு திறந்தவெளி அரங்கு என்று பட்டியல் சின்னதுதான். சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றி, அதற்கென வீட்டு வரியோடு தனி வரியும் வசூலித்துவரும் மாநிலத்தில், இவற்றைக் கேட்பது பேராசையாகாது. ஊராருக்கு விடுமுறை தருகிறவர்கள் தங்களுக்கும் கொஞ்சம் பொழுது கேட்டால், கொடுக்க வேண்டியவர்கள் கணக்குப் பார்க்கலாகாது.