நீர்ச்செடிக்கு ஈரம் போதும்

போன மே மாதம், எங்கள் ராயப்பன்பட்டி டீக்கடைக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு பார்சலோடு வந்தான். மீன் தொட்டிக்காகத் தபாலில் வரவழைத்த செடிகள். பெட்டியைப் பிரித்ததும் குப்பென்று அழுகல் வாடை. உள்ளே பாலித்தீன் பையில் முக்கால்வாசி தண்ணீர், அதில் பச்சைக் கூழ். “தண்ணி ஊத்தித்தான்ணே அனுப்பியிருக்காங்க. அப்புறமும் எப்படிச் செத்துச்சு?” என்றான். முகம் வாடிவிட்டது. உட்காரச் சொல்லி, இரண்டு டீ சொன்னேன்.

அந்தத் தண்ணீர்தான் செடியைக் கொன்றது. பெட்டிக்குள் வெளிச்சம் கிடையாது. வெளிச்சம் இல்லாத இடத்தில் இலை ஆக்சிஜனை உண்டாக்காது, மூச்சு மட்டும் விடும். ஒரு லிட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜனில் முப்பதில் ஒரு பங்குகூட ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்காது. தண்ணீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். இருப்பதைச் செடி தீர்த்துவிட்டால், ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் பெருகிவிடும். அந்த வாடை அவற்றுடையது. போதாததற்கு, வண்டி குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் தளும்பி இலையைக் கிழிக்கிறது. கிழிந்த இடமெல்லாம் அழுகலுக்கு வாசல்.

“அப்போ தண்ணியே இல்லாம அனுப்பணுமா?” என்றான். அதுவும் ஆகாது. மாவிலையைத் தொட்டுப் பார்த்தால் மேலே மெழுகு பூசியது போல வழவழப்பு இருக்கும். உள்ளே இருக்கும் நீரைக் காப்பது அந்தப் பூச்சுதான். நீருக்கடியில் வளர்ந்த இலைக்கு அது ஏறக்குறைய இல்லை, தேவைப்படவும் இல்லை. வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் சில நிமிடங்களில் சுருண்டுவிடும். அதற்கு வேண்டியது ஈரக் காற்று.

சின்னமனூர்ப் பக்கம் வெற்றிலைக் கட்டு கட்டுகிறவரைக் கவனித்தால் விஷயம் விளங்கும். தண்ணீர் தெளிப்பார், உதறுவார், வாழை இலையில் சுற்றுவார். வெற்றிலை தண்ணீரில் மிதக்காது, காயவும் காயாது. நீர்ச்செடிக்கும் அதே கைப்பக்குவம்தான். வேரையும் தண்டையும் ஈரக் காகிதத்தில் சுற்ற வேண்டும். பிழிந்தால் ஒரு சொட்டும் விழாத ஈரம் போதும். பையில் போட்டு, இலை நசுங்காதபடி கொஞ்சம் காற்றை விட்டு, வாயை இறுகக் கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாததால், பைக்குள் ஒரு சின்ன மழைக்காலமே நிற்கும்.

இந்த வித்தைக்கு வயது இருநூறு ஆண்டை நெருங்குகிறது. 1829-ல் லண்டனில் நதேனியல் வார்டு என்ற மருத்துவர், பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை மண்ணோடு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்திருந்தார். அவர் எதிர்பார்க்காமலே அதில் பெரணி முளைத்தது. 1833-ல் மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்துக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். மாதக்கணக்கான பயணத்துக்குப் பின்னும் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. பிறகு ராபர்ட் பார்ச்சூன், சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்தது இதே பெட்டிகளில்தான். இதைச் சொன்னபோது தம்பி தன் கையில் இருந்த டம்ளரை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

அடுத்த பகை வெயில். ஏறக்குறைய பத்து டிகிரி கூடினால் செடியின் மூச்சு இரண்டு மடங்காகும். இருட்டில் சேமிப்பைத் தின்றுதான் அது உயிரோடு இருக்கிறது, சூட்டில் அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீரும். தெர்மாகோல் பெட்டி குளிர்விக்காது, சூடு ஏறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதனால் திங்கட்கிழமை அனுப்பச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் கிடக்காமல் தப்பிக்கும். பழுத்த இலையையும் முன்கூட்டியே கிள்ளிவிட வேண்டும். ஒரு பழம் கனிந்தால் தார் முழுக்கக் கனிவது வாழை விவசாயிக்குத் தெரியும், அது எத்திலீன் வாயுவின் வேலை. மூடிய பைக்குள் வாடும் இலையும் அதையே விடும்.

செடிக்குச் செடி தாங்கும் சக்தி வேறு. தடித்த கிழங்குத்தண்டு உள்ள அனூபியாஸ் ஒரு வாரம் தாங்கும். பாசி வகைகளுக்கும் கவலை வேண்டாம். தென்னிந்தியாவின் சொந்தச் செடியான ரோட்டாலா மேக்ராண்ட்ரா, அந்தச் சிவப்பழகி, மிக மென்மையானது. வெயில் காலத்தில் அதை வாங்கவே கூடாது என்பேன். நீருக்கு மேலே ஈரமண்ணில் வளர்த்த செடி கிடைத்தால் அதைக் கேட்டு வாங்கலாம். அந்த இலைக்கு மெழுகு உண்டு, பயணத்தைத் தாங்கும். தொட்டிக்குள் வைத்ததும் பழைய இலைகள் கரையும், நீருக்கேற்ற புது இலை வரும்.

இதைத்தான் தம்பிக்கு அழுத்திச் சொன்னேன், பலர் கைவிடுவது இங்கேதான். டிசம்பரில் அவன் மறுபடி வரவழைத்தான். இந்தத் தடவை இலங்கை ஓடைகளைச் சொந்த ஊராகக் கொண்ட கிரிப்டோகோரைன் வெண்டி. ஈரக் காகிதத்தில் நன்றாகத்தான் வந்தது. நத்தை முட்டை இருக்குமென்று அலசி நட்டான். நாலாம் நாள் இலையெல்லாம் கண்ணாடியாகிக் கரைந்தது. பிடுங்கி வாய்க்காலில் எறியக் கிளம்பியவனைத் தடுத்தேன்.

எறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கமே சாட்சி உண்டு. மீன் தொட்டிக்காக வந்த தென் அமெரிக்கக் கபொம்பா, கேரள நீர்நிலைகளில் பரவிவிட்டது. 2020-ல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் ஊதாப்பூப் போர்வையாக அது விரிந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பார்க்க அழகுதான், ஆனால் அடியில் இருக்கும் உள்ளூர்ச் செடிகளுக்கு வெளிச்சம் போகாது. எங்கள் முல்லைப் பெரியாற்று வாய்க்காலுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது.

வேர் உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். இருந்தது. கரைந்த இலைகளைக் கழித்து மாடியில் காயப்போட்டு, சருகானதும் தென்னந்தூரில் கொட்டினான். மூன்றாவது வாரம் ஒரு காலையில், டீக்கடைக்கு வராமல் நேராக என் வீட்டுக் கதவைத் தட்டினான். கைபேசியில் படம். மண்ணுக்கு மேல் பழுப்பாய், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு இலை.