மழைக்காலம் வருகிறது: உங்கள் பிக்கப்புக்கு எந்த டயர் பொருந்தும்?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். கிளந்தான், திரங்கானு, பகாங் போன்ற கிழக்குக்கரை மாநிலங்களில் அதன் வேகம் அதிகம். மேற்குக்கரையிலும் ஆண்டு இறுதியில் மாலைதோறும் கொட்டித் தீர்க்கும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைகள் அப்போது சேற்றுக் குழம்பாகிவிடும்.

தோட்டக் குத்தகையாளர்கள், சிறு வியாபாரிகள், உரமும் காய்கறியும் ஏற்றுபவர்கள் என நம்மவர்கள் பலரின் பிழைப்பு ஒரு பிக்கப் வாகனத்தை நம்பியே இருக்கிறது. வாரநாளில் சேற்றில் இறங்கும் அதே வண்டிதான் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடுகிறது. இந்த இரண்டு வேலைக்கும் ஒரே டயர் தாங்குமா? வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்?

வால் பக்கம்தான் ஆபத்து

பிக்கப்பின் பின்புறம் சுமைக்காகக் கட்டப்பட்டது. சுமை இல்லாதபோது எஞ்சினின் எடை முழுவதும் முன்னால் இருக்கும், பின்சக்கரங்களின் மேல் பாரம் குறைந்துவிடும். ஆனால் சாதாரண ஓட்டத்தில் வண்டியைத் தள்ளுவது அந்தப் பின்சக்கரங்கள்தான். அதனால் ஈரமான வளைவில் காரைவிட பிக்கப்பின் வால் எளிதில் வழுக்கும். காலி வண்டி என்பதால் பயமில்லை என்று நினைப்பது தவறு. மழையில் காலி வண்டிக்குத்தான் கூடுதல் கவனம் தேவை.

இரண்டு டயர் மட்டும் மாற்றப் பணம் இருக்கிறது என்றால், புதியதைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

மூன்று வகை டயர்கள்

கடையில் பிக்கப் டயர்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள்.

ஹெச்.டி. என்பது தார்ச்சாலை டயர். சத்தம் குறைவு, எண்ணெய்ச் செலவு குறைவு, ஈரத் தாரில் பிடிப்பு நன்று. ஆனால் சேற்றில் இறங்கினால் அதன் பள்ளங்கள் அடைத்துக்கொண்டு மொட்டை டயர்போல் ஆகிவிடும்.

எம்.டி. என்பது சேற்று டயர். பெரிய கட்டைகளும் அகலமான இடைவெளிகளும் கொண்டது. சுழலும்போதே சேற்றை உதறிவிடும். ஆனால் தாரைத் தொடும் ரப்பர் குறைவாக இருப்பதால் ஈரச் சாலையில் நிற்பதற்குக் கூடுதல் தூரம் எடுக்கும். இரைச்சலும் அதிகம், தாரில் ஓட ஓட வேகமாகத் தேயும்.

ஏ.டி. என்பது இரண்டுக்கும் நடுவில் உள்ளது. செம்மண், சரளைக்கல், லேசான சேறு, நெடுஞ்சாலை என எல்லாவற்றையும் ஓரளவு சமாளிக்கும்.

ஒரு வாரத்தில் எந்தச் சாலையில் எவ்வளவு ஓடுகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பத்தில் எட்டுப் பங்கு தார்ச்சாலை என்றால் ஹெச்.டி. போதும். பாதிக்குப் பாதி என்றால் ஏ.டி. நல்லது. கடைக்காரர் பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கிறது என்று சொல்வதற்காக எம்.டி. வாங்காதீர்கள்.

இரண்டு செட் தேவையா?

குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்குத் தனி டயர் வைத்துக்கொள்வது வழக்கம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். பலர் அந்த டயர்களைத் தனி ரிம்மிலேயே மாட்டி வைத்திருப்பார்கள். பருவம் மாறும்போது சக்கரத்தோடு கழற்றி மாட்டினால் போதும்.

இங்கே பனி இல்லை. ஆனாலும் மழைக்கால மாதங்களில் தினமும் சேற்றில் இறங்கியே ஆக வேண்டியவர்களுக்கு இந்த வழி பயன்படும். தாருக்கு ஹெச்.டி. ஒரு செட், தோட்டத்துக்கு எம்.டி. ஒரு செட். ஒரே ரிம்மில் டயரை மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொரு முறையும் கூலி கொடுக்க வேண்டும். டயரின் ஓரக் கம்பி வளையமும் சேதமாகலாம். தனி ரிம் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. மேலும், ஒரு செட் ஓடும்போது மற்றது தேயாது.

ஆனால் சேற்றில் வாரம் ஒருநாள்தான் வேலை என்றால் இரண்டாவது செட் வீண்செலவு. நல்ல ஏ.டி. டயர் நான்கு வாங்குவதே மேல். நான்கு டயரின் விலை, மாதக் குறைந்தபட்ச ஊதியமான 1,700 ரிங்கிட்டை எளிதில் நெருங்கிவிடும். யோசித்துச் செலவு செய்ய வேண்டிய தொகை இது.

பக்கவாட்டு எண்கள்

டயரில் 265/65 ஆர் 17 112 எஸ் என்று இருந்தால், 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். 17 என்பது ரிம்மின் அங்குல அளவு.

அடுத்து வரும் 112 மிக முக்கியம். அது ஒரு டயர் தாங்கும் சுமையின் குறியீடு. 112 என்றால் 1,120 கிலோ, 110 என்றால் 1,060 கிலோ. எஸ் என்ற எழுத்து மணிக்கு 180 கிலோமீட்டர் வேக வரம்பைக் காட்டும். 50 கிலோ உர மூட்டை 18 ஏற்றினால் 900 கிலோ. அதில் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல்தான் இறங்கும். ஆகவே வண்டியின் கையேட்டில் உள்ள சுமைக் குறியீட்டைவிடக் குறைந்த டயரை, விலை மலிவு என்று வாங்கிவிடக் கூடாது.

அளவை மாற்றும்போதும் கவனம் தேவை. 265/65 ஆர் 17 டயரின் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். 265/60 ஆர் 18 டயரும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் 265/70 ஆர் 17 போட்டால் விட்டம் 803 மில்லிமீட்டர் ஆகும். வேகமானியில் 100 காட்டும்போது உண்மையில் நீங்கள் 103-ஐத் தாண்டி ஓடுவீர்கள்.

நான்கு சக்கர இயக்கத்தைப் பயன்படுத்துபவர்கள் முன்னும் பின்னும் ஒரே அளவு டயர்தான் போட வேண்டும். அளவு வேறுபட்டால் கியர் பாகங்கள் ஒன்றோடொன்று இழுபட்டுத் தேயும்.

ரிம் வாங்கும்போது

ஹைலக்ஸ், டி-மெக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர் ஆகியவற்றில் பெரும்பாலும் 6 போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம்தான். அதனால் எல்லா ரிம்மும் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். நடுத்துளை அப்படி இல்லை. ஹைலக்ஸுக்கு 106.1, ரேஞ்சருக்கு 93.1, டிரைட்டனுக்கு 67.1 மில்லிமீட்டர். டிரைட்டன் ரிம் ஹைலக்ஸில் ஏறவே ஏறாது. ஹைலக்ஸ் ரிம் டிரைட்டனில் ஏறும், ஆனால் நடுவில் பிடிப்பு இருக்காது, ஸ்டேரிங் நடுங்கும். அதற்கு ஏற்ற வளையம் போட வேண்டும். நட்டின் வடிவமும் ரிம்முக்குப் பொருந்த வேண்டும்.

சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தும் ரிம்மைத் தவிர்த்துவிடுங்கள். சேறு பின்வரும் வண்டிகளின் கண்ணாடியில் அடிக்கும், ஜேபிஜே சோதனையிலும் சிக்கல் வரும். சக்கரம் மாற்றியபின் 50 முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

காற்றும் தண்ணீரும்

சாலையில் தேங்கிய நீரை டயரின் பள்ளங்கள் வெளியேற்ற முடியாமல் போனால், டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது பிரேக்கும் ஸ்டேரிங்கும் பயன்படாது. அமெரிக்காவின் நாசா 1960-களில் செய்த ஆய்விலிருந்து வந்த கணக்குப்படி, 36 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். காற்று 25 பிஎஸ்ஐ-க்கு இறங்கினால் 83 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும்.

சேற்றில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைப்பவர்கள், தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்பியே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். சரியான அளவு ஓட்டுநர் கதவோரம் ஒட்டப்பட்ட தாளில் இருக்கும். சுமை ஏற்றும்போது பின்சக்கரத்துக்குத் தனி அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சட்டப்படி பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வரும்போதே மாற்றிவிடுவது நல்லது.

மலிவு டயர்

பழைய டயர் வாங்குவோர் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாக இருந்தாலும், வெயிலில் கிடந்து வெடிப்பு விட்ட ரப்பரை நம்பக் கூடாது. செலுப் டயர் என்றால், ஒட்டிய இடத்தில் பிளவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருந்தால் அது பனிச்சாலைக்குத் தகுதி பெற்ற டயர். சில ஏ.டி. டயர்களிலும் இந்தச் சின்னம் இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் முழுக்கப் பனிக்காலத்துக்கென்றே செய்த டயரின் ரப்பர் மென்மையானது. 7 டிகிரிக்குக் கீழான குளிரில் இறுகாமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அது வேகமாகத் தேயும், பிரேக் பிடிக்கும்போது நெளியும். புதிதுபோல் இருக்கிறது, விலையும் பாதி என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள்.

மழை தொடங்கியபின் கடைகளில் கூட்டம் கூடும், கையில் கிடைத்ததை வாங்க நேரிடும். இப்போதே ஒருநாள் ஒதுக்கி, உதிரி டயரையும் சேர்த்து ஐந்தின் பள்ளம், வயது, காற்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.