வர்ண மீன்களும் தொட்டியின் அடிப்பருக்கையும்

உணவுக்காக வளர்க்கும் மீனை எடை பார்த்து வாங்குவர். வர்ண மீனையோ கண்ணால் பார்த்தே வாங்குவர். ஆகையால் வர்ண மீன் வளர்ப்பை உபதொழிலாகக் கொள்ளும் குடியானவருக்கு மீனின் நிறமே விளைச்சல். நிறம் மங்கினால் அது மகசூல் குன்றியதற்கு ஒப்பாகும். இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற சென்னைக் கொளத்தூரில் வாங்கிய செழுமையான மீன் தம் தொட்டியில் விட்ட சில வாரங்களில் வெளிறிவிட்டது எனப் பலர் குறைகூறுவதுண்டு. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று கருதுவதற்கு முன், தொட்டியின் அடியில் பரப்பியுள்ள பருக்கைக் கல் எந்நிறத்தது என்பதை நோக்குதல் வேண்டும்.

மீனின் தோலில் கருநிறத் துகள்கள் நிறைந்த நுண்ணிய உயிரணுக்கள் உள்ளன. துகள்கள் உயிரணு முழுதும் பரவி நின்றால் மீன் கறுத்துத் தோன்றும். நடுவில் ஒடுங்கினால் வெளுத்துத் தோன்றும். இவ்வாறு பரவச் செய்வதும் ஒடுங்கச் செய்வதும் மீனின் கண்ணே. மேலிருந்து வரும் ஒளியையும் அடித்தளத்திலிருந்து எதிரொளித்து வரும் ஒளியையும் கண் ஒப்பிட்டறிய, அதற்கேற்ப நரம்புகளும் மூளையடிச் சுரப்பி நீர்களும் வேலை செய்கின்றன. துகள்களை ஒடுக்கும் சுரப்பி நீரை 1983இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் சால்மன் மீனிலிருந்து பிரித்தெடுத்தனர். இம்மாறுதல் இருவகைப்படும். சில நிமிஷங்களிலோ மணிகளிலோ நிகழ்வது துகள்களின் அசைவு மாத்திரமே. தளத்தை மாற்றினால் அதுவும் மாறிவிடும். வாரக்கணக்கில் வெண்தளத்தின்மீது வாழும் மீனிலோ கருநிற உயிரணுக்களின் தொகையே குறைகின்றது. அது மீண்டுவர மறுபடியும் வாரங்கள் ஆகும். சந்தைக்குக் கொண்டுபோகும் முந்தின நாள் மட்டும் கருங்கல்லின்மீது மீனை விட்டுப் பயன் காண முயல்வோர் ஏமாறுவது இதனாலேயே.

அமெரிக்காவில் ஸம்னர் என்பவர் கம்பூசியா மீன்களைக் கறுப்புத் தொட்டியிலும் வெள்ளைத் தொட்டியிலும் வாரக்கணக்கில் வைத்துப் பழக்கி, பின்பு பெங்குவின் பறவைகளுக்கு இரையாக விட்டுப் பார்த்தார். தளத்தின் நிறத்தோடு ஒவ்வாத மீன்களே மிகுதியாகப் பிடிபட்டன என்று 1934இல் வெளியிட்டார். கொசுப்புழுவை ஒழிக்க நம் கிணறுகளில் விடப்படும் மீனும் இதுவே. மீனுக்கு நிறமாற்றம் அலங்காரம் அன்று, உயிர்காப்பு என்பது இதனால் விளங்கும். ஒளிந்துகொள்ள இடமற்ற பளிச்சென்ற வெண்தளத்தின்மீது பல மீன்கள் மிரண்டு மூலையில் ஒதுங்குவதன் காரணமும் இதுவே. மிரண்ட மீன் இரையும் சரிவர எடாது.

எனவே பொன்மீன், கோய் கெண்டை, சிவப்பு வாள்வால் மீன், நியான் டெட்ரா முதலிய செம்மையும் பளபளப்பும் உடையவற்றுக்குக் கருமையான அல்லது கரும்பழுப்பான பருக்கையே சிறந்தது. வெள்ளி நிறமுள்ள ஏஞ்சல் மீனுக்கும் அதுவே பொருந்தும். கறுப்பு மோலி போன்றவை கருந்தளத்தில் கண்ணுக்கே தெரியாமற்போகும்; அவற்றுக்கு ஆற்றுமணலின் இளம்பழுப்பு நிறம் ஏற்றது. கறுப்பு மீன் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று தூய வெண்கல் பரப்ப வேண்டுவதில்லை. கடைகளில் நீலம், இளஞ்சிவப்பு எனச் சாயமேற்றி விற்கும் கற்களைப் பற்றிச் சொல்லத்தக்கது ஒன்றே: மீனின் நிறத்தோடு போட்டியிடுவதைத் தவிர அவற்றால் விளையும் பிரயோஜனம் ஏதுமில்லை, சாயம் கரைந்தால் கெடுதியும் உண்டு.

ஏர்க்காட்டில், ஒண்டிக்கடைச் சந்தியைச் சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் கற்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை எனினும், எந்தக் கல் என்பதில் கவனம் வேண்டும். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்னும் கரும்பாறை. (கல்கத்தாவில் உள்ள யோபு சார்னோக்கின் கல்லறைக் கல் இவ்வினத்தது, அதனால் வந்த பெயர்.) இது நீரில் கரைவதில்லை, நிறமும் வர்ண மீனுக்கு மிகவும் உகந்தது. ஆனால் உடைத்த ஜல்லியின் விளிம்பு கூர்மையானது. அடியில் மேயும் கெண்டையினங்களின் வாயையும் மீசையையும் அது கிழிக்கும். ஆகையால் விளிம்பு மழுங்கிய கல்லையே கொள்ளுதல் நலம். பொன்மீன் கல்லை வாயிலிட்டுத் துப்பும் வழக்கமுடையது. வாயில் சிக்கும் அளவுள்ள பருக்கையை விடுத்து, நுண்மணலோ வாய்க்குள் நுழையாத கூழாங்கல்லோ இடவேண்டும்.

மலையடிவாரத்தில் சேலத்தை அடுத்துள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் வெள்ளைக்கல் பார்வைக்கு அழகியது. பெயரில் சுண்ணாம்பு இருப்பினும் அது மாக்னசைட் ஆகும். வெண்மையால் மீனை வெளிறச் செய்வதோடு, புளிப்புள்ள நீரில் மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கவும் கூடும். மென்னீரை விரும்பும் டெட்ராவுக்கும் ஏஞ்சலுக்கும் இது ஆகாது. சுண்ணாம்புக் கல்லை எலுமிச்சம்பழச் சாற்றுத் துளி பொங்கச் செய்து காட்டிக்கொடுக்கும்; மாக்னசைட்டோ குளிர்ந்த சாற்றில் பெரும்பாலும் பொங்காது. அச்சோதனையை நம்பி மோசம்போகலாகாது. கல்லை மழைநீரில் இரண்டு வாரம் ஊறவைத்து, கல்லிடாத மழைநீரோடு ஒப்பிட்டுக் கடினத்தன்மையைச் சோதிப்பதே நம்பத்தக்கது. செம்பாறைச் சரளை நிறத்தில் அழகியதே. ஆயினும் மண் கரைந்து நீர் கலங்காதபடி பலமுறை கழுவ வேண்டும்.

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்ப ஏறத்தாழ 13 அல்லது 14 கிலோ பருக்கை பிடிக்கும். கழுவிய நீர் தெளியும்வரை அலசுக. சோப்புத் தூள் எக்காரணத்தாலும் கூடாது. கண்ணாடித் தொட்டியின் பின்புறத்திலும் கருந்தாள் ஒட்டினால் பயன் மிகும். சிமெண்டுத் தொட்டிக்கு அடிப்பருக்கை இன்றியே வளர்ப்போர், காரம் நீங்கப் பலமுறை நீர் நிரப்பி வடித்த பின்னரே மீன் விடவேண்டும்.

அடித்தளம் இருக்கின்ற நிறத்தை எடுத்துக்காட்டுமேயன்றி, இல்லாத செம்மையை உண்டாக்காது. செம்மஞ்சள் நிறப்பொருளை மீன் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாது, இரையிலிருந்தே பெறவேண்டும். உலர்ந்த துலுக்கச் சாமந்தி இதழ்ப்பொடி, இறால் தூள், ஸ்பைருலினா ஆகியவற்றை இரையோடு சேர்ப்பது இதற்காகவே. ஏர்க்காட்டின் குளிரைப் பொன்மீனும் கோயும் தாங்கும். டெட்ராவும் ஏஞ்சலும் தாங்கா, வெப்பமூட்டி வேண்டும்.

கிராம அதிகாரிகள் இரு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பருக்கைக்காக ஓடைப் படுகையில் மணலோ கல்லோ அள்ளுவதற்கு 1959ஆம் ஆண்டுச் சிறு கனிம விதிகளின்படி அனுமதி தேவை. குடியானவர் அனுமதி பெற்ற வியாபாரியிடம் வாங்குவதே எளிது. மேலும், சலித்துப்போன மீனை ஏரியிலோ ஓடையிலோ விட்டுவிடும் வழக்கத்தைத் தடுக்க வேண்டும். தொட்டியிலிருந்து வெளியேறிய சக்கர் கெளுத்தி தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் இரையைப் பறித்துவருகின்றது. வேண்டாத மீனை வளர்ப்போர் வேறொருவருக்கோ, வாங்கிய கடைக்கோ திருப்பிக் கொடுக்கலாம்.