தரையில் தொடங்கும் ஐஸ் ஹாக்கி

லே நகரின் கார்ஸூ குளத்தில் விளையாடும் அளவுக்குப் பனி நிற்பது ஆண்டுக்குச் சுமார் இரண்டு மாதங்கள்தான். இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் பெரும்பாலானோர் இப்படிப்பட்ட லடாக் குளங்களில் ஆடி வளர்ந்தவர்கள். 2016-ல் முதன்முறையாகச் சர்வதேசக் களம் கண்ட அணி, மறு ஆண்டே பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வீழ்த்தியது. 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது.

பனியே இல்லாத மாதங்களில் என்ன பயிற்சி எடுப்பது? நிறையவே எடுக்கலாம்.

முதலில் கை. ஆட்டத்தில் பனிமேல் சறுக்கும் 'பக்', சுமார் 170 கிராம் எடையுள்ள ரப்பர் வட்டு. சிமென்ட் தரையில் அது உரசித் தடுமாறும். அதனால் வழவழப்பான பிளாஸ்டிக் பலகையை விரித்துப் பழகுகிறார்கள், மரப்பந்தும் உதவும். மட்டை இடமும் வலமுமாகப் பந்தைத் தட்டிக்கொண்டே இருக்க, எதிரே நிற்கும் பயிற்சியாளர் விரல்களை நீட்டுவார். குனிந்து பந்தைப் பார்க்காமல் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். தலை நிமிர்ந்திருப்பவர் கண்ணுக்குத்தான் ஆட்டத்தில் பக்கை யாருக்குக் கொடுக்கலாம் என்பது தெரியும்.

அடுத்து கால். ஓடும்போது பாதம் பின்னோக்கி உந்தும். ஸ்கேட்டிங்கில் பக்கவாட்டில் உந்த வேண்டும். காலணிமேல் சாக்ஸ் மாட்டிக்கொண்டு சறுக்குப் பலகையில் இக்கரைக்கும் அக்கரைக்கும் வழுக்கிப் போவது இதற்கான பயிற்சி. ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவதும், பக்கவாட்டில் தாவி ஒரே காலில் அசையாமல் நிற்பதும் கூடவே வரும். சட்டெனத் திரும்பும் விளையாட்டுகள் பலவற்றில் பெண்களுக்கு முழங்கால் ஏசிஎல் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிட அதிகம். முழங்கால் உள்பக்கம் சாயாமல் தரையிறங்கக் கற்பது அந்த ஆபத்தைக் குறைக்கும்.

மூன்றாவது மூச்சு. ஒருவர் களத்தில் இருப்பது ஒரு முறைக்குச் சுமார் 45 விநாடிகள். முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியே வந்துவிடுவார். இளைப்பாறி மறுபடி இறங்குவார். நெடுந்தூர ஓட்டம் மட்டும் இதற்குப் போதாது. குறுகிய பாய்ச்சல், ஓய்வு, மீண்டும் பாய்ச்சல் என்று உடலைப் பழக்க வேண்டும். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்த லேயில் இதைச் செய்வது எளிதல்ல.

செயற்கைப் பனித்தளங்கள் அவசியம், கூடுதலாக வரட்டும். ஆனால், அவற்றுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சில பலகைகளும் மட்டைகளும் அற்பத் தொகை. பள்ளிக்கூட வராந்தாவே இடமாகப் போதும். தேவை, ஆண்டு முழுவதும் உடனிருக்கும் பயிற்சியாளர்கள். பதக்கம் வாங்கும் நாளில் மட்டும் இந்தப் பெண்களைக் கொண்டாடுவது நியாயமில்லை. பனி உருகும் மார்ச்சில் அவர்களின் பயிற்சிக்கு நிதி ஒதுக்குவதே உண்மையான பாராட்டு.