பில்டருக்கு எங்கட மூக்கு தெரியாது



இந்த எபிசோட்டில பியூட்டி பில்டர்களைப் பற்றிக் கதைச்சோம். நேரம் காணாமல் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டிட்டோம்: எங்கட நிறத்தில இருக்கிற பிள்ளையளுக்கு அந்த பில்டர் என்ன சொல்லுது? அதை இங்கே எழுதுகிறேன்.

முதல்ல, உள்ளுக்கு என்ன நடக்குது?

கமரா முகத்தைக் கண்டதும் மென்பொருள் கண் ஓரம், மூக்கு நுனி, உதட்டு விளிம்பு என்று புள்ளிகளைக் குறிக்கும். கூகுளின் மீடியாபைப் என்ற இலவச மென்பொருள் மட்டும் 468 புள்ளிகளைக் குறிக்கிறது. அவற்றை இணைத்தால் முகத்துக்கு மேல் ஒரு வலை கிடைக்கும். அந்த வலையை இழுத்தால் தாடை ஒடுங்கும், கண் பெருக்கும். புதிய பில்டர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நியூரல் நெட்வொர்க்கைக் கொண்டு முகத்தையே திரும்ப வரையும்.

அந்த நெட்வொர்க்குக்கு எது "வடிவு" என்று ஆர் சொல்லிக் குடுத்தது? அதைப் பழக்கின படங்கள்தான். 2017இல் பேஸ்அப் செயலியில் ஆளைக் கவர்ச்சியாக்கிற ஒரு பில்டர் வந்தது. போட்டுப் பார்த்தால் கறுப்பினத்தவரின் தோல் வெளிறிப் போனது. பழக்கின படங்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததுதான் காரணம் என்று சொல்லி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2021இல் டுவிட்டர், படத்தில் எந்த இடத்தைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் தன் அல்கோரிதத்தில் பிழை பிடிக்க ஒரு போட்டியே வைத்தது. முகம் மெலிவாக, இளமையாக, வெளிர் நிறமாக இருந்தால் அதுக்குக் கூடப் பிடிக்கும் என்று காட்டின ஆய்வாளருக்குத்தான் முதல் பரிசு.

ஒருத்தரும் கெட்ட எண்ணத்தோட கோட் எழுத வேணும் என்றில்லை. டேட்டா சாய்ந்தால் முடிவும் சாயும்.

வீட்டில கேட்ட அதே கதை

"வெயிலுக்குள்ள நிக்காதை, கறுத்துப் போவாய்." இதைக் கேட்காமல் வளர்ந்த ஆக்கள் எங்களில் எத்தனை பேர்? இந்தியாவில் 1975இலிருந்து விற்ற ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல்தான் பெயரில் இருந்த "ஃபேர்" என்ற சொல்லைக் கைவிட்டது. மாமிமார் சொன்னால் எதிர்த்துக் கதைக்கலாம், சிரிச்சுப்போட்டு எழும்பிப் போகலாம். பில்டர் ஒண்டும் சொல்லாது. கமராவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் திருத்தும்.

என்ர அக்காவின் மகளுக்குப் பதின்மூன்று வயது. பில்டர் போடாத படத்தை அவள் அம்மம்மாவுக்குக்கூட அனுப்ப மாட்டாள். ஒரு நாள் அம்மம்மா என்னட்டைக் கேட்டா, "தம்பி, இது ஆர்ர பிள்ளை?" நான் மருமகளுக்குப் பக்கத்தில இருந்து பில்டரின் அளவுக் கோட்டை 0இலிருந்து 100க்கு மெதுவாக நகர்த்திக் காட்டினேன். நிறம் வெளுத்தது. மூக்கு மெலிஞ்சது. "மாமா, இது அம்மம்மாவின்ர மூக்குத்தானே, ஏன் எடுக்குது?" என்று கேட்டாள். என்னட்டை நல்ல பதில் இருக்கேல்லை.

அந்த 32 வீதம்

2021இல் பிரான்சிஸ் ஹோகன் வெளியிட்ட பேஸ்புக் உள் ஆவணங்களில் ஓர் எண் இருந்தது: 32 வீதம். பலர் இதை "மூன்றில் ஒரு பெண்பிள்ளைக்குப் பாதிப்பு" என்று சொல்லித் திரியினம். கவனமாக வாசியுங்கோ. தங்கட உடம்பைப் பற்றி ஏற்கெனவே கவலையாக இருந்த பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளில் 32 வீதமானோர், இன்ஸ்டாகிராம் அந்தக் கவலையைக் கூட்டினது என்று சொன்னார்கள். எண்ணைப் பெருப்பிக்கத் தேவையில்லை. ஏற்கெனவே நொந்த பிள்ளையைத்தான் அது இன்னும் நோகடிக்குது.

கமென்ட்டில் வாற தமிழ்

பள்ளிக்கூடத்தில "கறுவல்" என்று கூப்பிட்டால் மணி அடிச்சவுடன் முடியும். போனில அது கட்டிலுக்கும் வரும். ஒரு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஐந்து விதமாக எழுதலாம் என்றதால், தானியங்கி மொடரேஷனுக்கு இதைப் பிடிக்கிறது கஷ்டம். பள்ளிக்கூட ஆசிரியருக்கும் அது விளங்காது. ஆங்கிலத்தில் வாசிச்சு, தமிழில அந்தச் சொல்லின் காரத்தை உணரக்கூடிய ஆக்கள் நீங்கள்தான். அதனால் உங்களுக்கு மூன்று வேலை:

1. தம்பி, தங்கச்சியின் இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் மறைக்க வேண்டிய சொற்களைச் சேர்க்கிற பட்டியல் ஒன்று இருக்கு. அவர்களைப் பக்கத்தில வைத்துக்கொண்டு, இந்தச் சொற்களின் எல்லா எழுத்துக்கூட்டலையும் அதில் போடுங்கோ.

2. மோசமான கமென்ட்டை அழிக்க முதல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கோ. பள்ளிக்கூடத்துக்குக் காட்டும்போது அர்த்தத்தையும் எழுதிக் குடுங்கோ.

3. அளவுக் கோடு உள்ள பில்டரை எடுத்து, 0இலிருந்து 100க்கு நகர்த்திக் காட்டுங்கோ. "போடாதே" என்று சொல்லத் தேவையில்லை. என்ன மாறுது என்று அவர்களே சொல்லட்டும்.

அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. அங்கே இருக்கிற ஆக்கள், உங்கட வீட்டில என்ன மாறினது என்று ஒரு வொய்ஸ் நோட் அனுப்புங்கோ. அடுத்த எபிசோட்டில போடுவம்.