கண்ணாடித் தொட்டியிற் கடல்

முத்தமிழ் வித்தகர் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, கல்முனைக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ளது. அடிகள் தமிழ்ப் பேராசிரியர் ஆவதற்கு முன் விஞ்ஞானம் கற்பித்தவர். ஆதலின், தமிழாசிரியராகிய யாம் விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றி எழுதப் புகுவதை இம்மலரைப் படிப்போர் பொறுத்தருள்வர் என நம்புகின்றோம்.

கல்முனைக் கரையோரப் பாடசாலையொன்றில் யாம் கற்பித்த காலத்து, மாணவர் விருப்பத்திற்கிணங்கிக் கண்ணாடித் தொட்டியொன்றிற் கடல்நீரை நிரப்பி, கரைவலையில் அகப்பட்ட சிறுமீன்கள் ஐந்தினை அன்றே அதில் விட்டோம். நான்காம் நாட் காலை ஐந்தும் இறந்து மிதந்தன. நீரோ பளிங்குபோலத் தெளிந்திருந்தது. மாணவர் முகத்தை ஏறிட்டு நோக்க எமக்கு இயலவில்லை. வலை இழுக்கும் முதியவர் ஒருவரிடம் இதனைக் கூறினோம். "கடலுக்குள்ள தண்ணி மட்டுமா சேர் இரிக்கு?" என்றார் அவர். அவ்வினாவுக்கு யாம் பின்னர்க் கற்றறிந்த விடையே இக்கட்டுரை.

மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அழுகுங்கால் அமோனியா தோன்றும். அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. கடல்நீர் காரத்தன்மை உடையதாதலின் அங்கே அதன் கொடுமை மிகும். கடலில் இந்நஞ்சினை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் தீங்குடையதே, நைத்திரேற்றின் தீங்கு மிகக் குறைவு. புதிய தொட்டியில் இவ்வுயிர்கள் போதிய அளவில் இல்லை. எம் மீன்கள் மாண்டதன் காரணம் இதுவே.

இவ்வுண்மையை 1877இல் பிரான்சு தேசத்து அறிஞர் சுலோசிங், முன்ட்ஸ் இருவரும் வெளிப்படுத்தினர். மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாயினூடே கழிவுநீரை மெல்லச் செலுத்தினர். இருபது நாள் வரை மாற்றம் எதுவுமில்லை. அதன் பின்னரே நைத்திரேற்றுத் தோன்றியது. குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் அச்செயல் நின்றது. எனவே அது உயிர்களின் தொழில் என்பது தெளிவாயிற்று. அந்த இருபது நாட் காத்திருப்பையே யாம் அறியாது விட்டோம்.

இக்காத்திருப்பிற்குத் துணை செய்வது 'உயிர்க்கல்'. உண்மையில் கல்லுக்கு உயிரில்லை. அது இறந்த முருகைகளின் சுண்ண எலும்புக்கூடு. அதன் மேற்பரப்பிலும் நுண்துளைகளிலும் பற்றீரியா, செந்நிறப் பாசி, புழு, கடற்பஞ்சு முதலியன குடியிருக்கும். ஒட்சிசன் குறைந்த உட்துளைகளில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றையும் நைதரசன் வாயுவாக மாற்றிவிடும். சகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பார் இத்தகைய கற்களையும் காற்றுக் குமிழிகளையுமே கொண்டு கடல்மீன் வளர்த்த முறையினை 1961இல் எழுதி உலகறியச் செய்தார்.

ஆயின் மாணவர் கல்லை நாடிக் கடலுக்குச் செல்லுதல் ஆகாது. கற்குடாப் பகுதியிற் சுண்ணாம்புக்காக முருகைக்கல் அகழப்பட்டமையை நம் மாகாணத்தார் அறிவர். 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 1988இற் செய்யப்பட்ட திருத்தம் அத்தொழிலைத் தடைசெய்தது. முருகைப்பார் அலையைத் தடுக்கும் அரண்; மீன்குஞ்சுகளின் தொட்டில். ஒரு தொட்டியை அழகுசெய்யக் கடலை வறிதாக்கலாமோ?

உலர்ந்த சுண்ணக்கல்லே போதுமானது. நன்கு கழுவித் தொட்டியில் அடுக்கி, ஆயிரம் கிராம் நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரை நிரப்புக. மாரிகாலத்தில் ஆற்றுநீர் கலப்பதால் கரைநீரின் உப்புக் குறையும். அக்காலத்து நீரைத் தவிர்க்க. பம்பியினால் நீரை ஓடச் செய்க. நெடுநாள் நடந்துவரும் தொட்டியொன்றிலிருந்து ஒரு சிறு கல்லையோ பிடி மணலையோ பெற்று இடுக. அது தயிருக்கு உறைமோர் போன்றது. பற்றீரியாவுக்கு இரையாகச் சிறிது மீனுணவையும் இடுக. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே வார்க்க வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. சோதனைத் துளிகளால் அளந்துவரின், அமோனியா முதலில் உயர்ந்து தாழும். பின் நைத்திரைற்று உயர்ந்து தாழும். இரண்டும் இல்லையென்றாகி, நைத்திரேற்று மட்டும் காணப்படும் நாளே மீன் விடத் தக்க நாள். இதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் செல்லும்.

இரண்டாம் முறை யாம் ஆறு வாரம் காத்திருந்தோம். வெறுந் தொட்டியைக் காட்டி, "எப்போது மீன்?" என மாணவர் நாள்தோறும் கேட்டனர். ஈற்றில் ஒரேயொரு மீனை விட்டோம். நான்காம் நாட் காலை அது கல்லிடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தது.

கண்ணுக்குத் தெரியாதோர் முன்னே உழைத்த இடத்திலேதான் பின்வருவோர் வாழ இயலும். இது விழாக் காணும் கல்லூரிக்கும் பொருந்தும் உண்மையன்றோ!