வருஷத்துக்கு 400 நாள்

"இனிமே ஒரு நாளுக்கு 25 மணி நேரம்" என்று ஒரு செய்தி அவ்வப்போது சுற்றி வரும், நீங்களும் பார்த்திருப்பீங்க. செய்தி பொய்யில்லை. ஆனால் அந்த 'இனிமே' வருவதற்கு சுமார் 20 கோடி வருஷம் ஆகும். பூமி சுற்றும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது; நூறு வருஷத்துக்கு ஒரு நாளின் நீளம் சராசரியாக 1.8 மில்லி செகண்ட் கூடுகிறது. எனக்கு இதில் பிடித்த கேள்வி வேறு. கடிகாரமே இல்லாத காலத்தில் நாள் எவ்வளவு நீளம் இருந்தது என்று யார் அளந்து வைத்தார்கள்?

பவளங்கள் வைத்திருக்கின்றன.

பவளப்பூச்சி தன் சுண்ணாம்புக் கூட்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கும். பகல், இரவு வித்தியாசத்தால் கூட்டின் மேல் மெல்லிய வரிகள் விழும். பருவம் மாறும்போது வரிகளின் நெருக்கம் மாறும், அதனால் ஒரு வருஷத்தின் எல்லையும் தெரியும். மரத்தில் வருஷ வளையம் எண்ணுற மாதிரிதான்; இங்கே நாள் கணக்கே கிடைக்குது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வெல்ஸ் இப்படி எண்ணினார். இன்றைய பவளத்தில் வருஷத்துக்கு 360 வரி சொச்சம். சரி, கிட்டத்தட்ட பொருந்துது. அப்புறம் டெவோனியன் காலத்துப் பவளங்களை எடுத்தார், சுமார் 38 கோடி வருஷம் பழசு. அதில் ஏறக்குறைய 400 வரிகள்! 1963-ல் இதை வெளியிட்டார்.

பூமி சூரியனைச் சுற்றிவரும் நேரம் அவ்வளவாக மாறவில்லை. அப்படியானால் அதே வருஷத்துக்குள் 400 நாள் அடங்க வேண்டுமென்றால் ஒரு நாளுக்கு 22 மணி நேரம்தான். வரி எண்ணுவது கண்ணுக்குக் கண் வேறுபடும், வெல்ஸுக்கே 385 முதல் 410 வரை வந்தது. அதனால் 400 என்பதை நான் உத்தேசமாகத்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் பிற்பாடு வந்த சாட்சிகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன. ஓமானில் கிடைத்த, டைனோசர் காலத்தின் கடைசியில் வாழ்ந்த ஒரு சிப்பியின் ஓட்டை லேசரால் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். 7 கோடி வருஷத்துக்கு முன் வருஷத்துக்கு 372 நாள், நாளுக்கு இருபத்து மூன்றரை மணி நேரம்.

வேகத்தைக் குறைப்பது நிலா. நிலாவின் ஈர்ப்பால் கடல் புடைக்கிறது. பூமி வேகமாகச் சுழல்வதால் அந்தப் புடைப்பு நிலாவுக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் முன்னே போய்விடும். அதை நிலா பின்னுக்கு இழுக்கும், சக்கரத்துக்குப் பிரேக் போட்ட மாதிரி. பதிலுக்கு அந்தப் புடைப்பு நிலாவை முன்னே இழுக்க, நிலா விலகிப் போகும். அப்பல்லோ வீரர்கள் நிலாவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் லேசர் பாய்ச்சி அளக்கிறார்கள்: வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர்.

இங்கதாங்க சிக்கல். நிலா கிட்டே இருந்தால் இந்த இழுபறி ரொம்ப பலமாக இருக்கும். இன்றைய அளவை வைத்து, அதையும் சேர்த்துக் கணக்கைப் பின்னால் ஓட்டினால், சுமார் 150 கோடி வருஷத்துக்கு முன்பே நிலா பூமியை ஒட்டிவிடும். நிலாவின் பாறைகளோ வயது 400 கோடிக்கு மேல் என்கின்றன. அப்போ எது தப்பு?

பாறை தப்பில்லை, "இன்றைய அளவு" என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு. தெற்கு ஆஸ்திரேலியாவில் அலைகள் படியவைத்த மண் அடுக்குகள் இருக்கின்றன. அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் அடுக்கின் தடிமன் மாறும், அதை வைத்து மாசத்தைப் பிரிக்கலாம். ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற புவியியலாளர் அதைப் படித்துச் சொன்ன கணக்கு: 62 கோடி வருஷத்துக்கு முன்பும் வருஷத்துக்கு சுமார் 400 நாள்தான். பவளத்தின் அதே 400! நடுவில் 24 கோடி வருஷம் போயிருக்கு, நாள் ஏறக்குறைய அப்படியே நின்றிருக்கு. அப்போது பிரேக் பலவீனம். கண்டங்கள் நகர, கடலின் வடிவம் மாற, பிரேக்கின் பலமும் மாறும். இன்றைய அட்லாண்டிக்கின் அகலம் அலையின் தாளத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல. அதனால்தான் இப்போது பிரேக் இவ்வளவு பலம்.

மனிதர் எழுதிவைத்த சாட்சியும் உண்டு. கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழு சூரிய கிரகணம். பகலில் வெள்ளியும் புதனும் தெரிந்ததைக்கூட களிமண் பலகையில் குறித்து வைத்திருக்கிறார்கள். பூமி எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றியது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த நிழல் பாபிலோனைத் தொடவே தொடாது, மேற்கே ஸ்பெயின் பக்கம் போய் விழும். நாளுக்குச் சில மில்லி செகண்ட்தான், ஆனால் ஏழு லட்சத்துக்கும் அதிகமான நாட்களுக்குச் சேர்ந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

தூக்கம் வராததற்கு இதைக் காரணம் சொல்ல முடியாது. மனித உடலின் உள் கடிகாரம் சராசரியாக 24.2 மணி நேரம் ஓடும் என்று 1999-ல் ஹார்வர்ட் ஆய்வில் அளந்தார்கள். காலை வெளிச்சம் தினமும் அதைத் திருத்திவைக்கிறது. ராத்திரி போன் வெளிச்சம் செய்யும் குழப்பத்துக்கு முன்னால் நிலாவின் வேலை ஒன்றுமே இல்லை.

அணுக் கடிகாரங்களுக்குத்தான் தொல்லை. பூமியோடு ஒத்துப்போக 1972 முதல் 27 லீப் செகண்ட் சேர்த்தார்கள், கடைசியாக 2016 டிசம்பர் 31 அன்று. கம்ப்யூட்டர்கள் ஒவ்வொரு தடவையும் திணறுவதால், 2035-க்குள் இந்த வழக்கத்தை மாற்ற 2022-ல் முடிவெடுத்துவிட்டார்கள்.